கஜானியின் சிநேகிதியைத் துரத்திய கதை

தன்னாமுனை.

அன்பு மகள் கேதீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் மகள் கஜானியும் இங்கு சுகம், கட்டாரின் அந்த வெயிலுக்குள் நீயும் மருமகனும் சுகமாயிருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இன்னும் இரண்டு வருடம் வேலையில் இருப்பதா, வருவதா என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டெப் கணினியில் அவள் ஒரு காட்டூன் படம் பார்த்தாள். மலையில் தனியே இருக்கும் ஒரு பிள்ளையோடு விளையாட, பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி வருவாள், வேறு யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். அதைப் பார்த்த பிறகு நம் வீட்டுக்கும் ஒருத்தி வந்துவிட்டாள், பெயர் மினி. பிட்டில் அவளுக்குப் பாதி, பாயில் அவளுக்கு இடம், நான் காலை நீட்டினால் மினியை உதைத்துவிட்டேன் என்று சண்டை. முதலில் சிரித்தேன். பிறகு உச்சி வெயிலில் பிள்ளை வாவிக்கரையில் தனியே நின்று கதைப்பதைக் கண்டதும் ஓடிப்போய்த் தூக்கி வந்தேன். பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை, "தண்ணிப் பக்கம் ஏதோ புடிச்சிருக்கு அண்ணன், மினக்கெடாம கழிச்சுப் போடுங்க" என்றாள். உனக்கு என்னைத் தெரியும்தானே, பயம் வந்தால் யார் சொன்னாலும் கேட்பேன். பழுகாமத்திலிருந்து மந்திரம் தெரிந்தவர் வந்து, பிள்ளையை இருத்தி, தேசிக்காய் வெட்டிக் கழிப்புக் கழித்து, எல்லாவற்றையும் வாவியில் விட்டார். இனி அது வராது என்றார். வரவில்லைதான்.

இப்போது பிள்ளை சொன்னபடி சாப்பிடுகிறாள், படிக்கிறாள், கேட்டால் மட்டும் பேசுகிறாள். வீடு வீடாக இல்லை மகள். நேற்று அந்தப் படத்தை நானே இருந்து பார்த்தேன். பேயுமில்லை பிசாசுமில்லை, விளையாட ஆளில்லாத பிள்ளை தனக்கொரு துணையைத் தேடிக்கொண்டது, அவ்வளவுதான். மனம் பொறுக்காமல் சாப்பாட்டுக்கு இன்னொரு தட்டும் வைத்து, மினியைக் கூப்பிடச் சொன்னேன். அவள் தட்டைப் பார்த்துவிட்டு, "மினி போயிற்றாள் அம்மப்பா. அம்மா எண்டாலும் சொல்லிற்றுப் போனா, இவள் சொல்லாமப் போயிற்றாள்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அழாத பிள்ளையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் மருமகன் இருக்கட்டும், நீ வா மகள். கட்டுகிற வீடு பாதியில் நின்றால் நிற்கட்டும். வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி. பிள்ளையார் உங்கள் இருவருக்கும் துணையிருப்பார். ஒன்றை மறக்காதே, வரும் நாளைப் பிள்ளையிடம் நீயே சொல். நான் சொன்னால் இப்போது அவள் நம்பமாட்டாள்.

உன்மேல் உயிரான அப்பா,
க. வினாயகமூர்த்தி