என் கல்யாணத்துக்கு ஓர் ஆட்சேபம்

மகனுக்கு,

அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. என் நலம் எப்படி என்பதை நீயே கோர்ட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாய். உன் நலம் கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் பெருந்தன்மை வரவில்லை. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் துண்டித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் படி.

செவ்வாய்க்கிழமை காலை கடையில் ஒரு அம்மாவின் கண்ணாடிக்கு மூக்குப் பட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது கோர்ட் நோட்டீஸ் கொண்டுவருகிறவர் வந்தார். கையெழுத்து வாங்கிய கையோடு தன் கண்ணாடியையும் கழற்றிக் கொடுத்து, காதோரம் வலிக்கிறது என்றார். கம்பியைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தேன். அவர் போன பிறகுதான் பிரித்தேன். எனக்குப் புத்தி தடுமாறிவிட்டதாம். ஆகவே அடுத்த மாதம் நடக்க இருந்த என் கல்யாணத்தை நகராட்சி அலுவலகம் பதிவு செய்யக் கூடாதாம். ஆட்சேபிக்கிறவர் என் கூடப் பிறந்த தம்பி, உன் சித்தப்பா. பிளைவுட் அளவைத் தவிர வாழ்க்கையில் வேறெதையும் முழுதாகப் படித்திராத மனுஷன், சட்டப் பிரிவு எண்ணெல்லாம் போட்டு எழுதியிருக்கிறான்!

காரணங்களைப் படித்தேன். வீட்டுச் சாவியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேனாம். உன்னைச் சித்தப்பா என்று நினைத்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனாம். மூன்றாவதை அப்படியே எழுதுகிறேன்: "இறந்துபோன மனைவிக்குத் தொலைபேசியில் அழைக்கிறார்."

இதில் ஒன்றுகூடச் சித்தப்பாவுக்குத் தெரியாது. எல்லாம் உனக்கு மட்டும் தெரிந்தவை. சாவி விஷயம் உன்னைச் சிரிக்க வைக்கச் சொன்னது, நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். போன் விஷயம் அப்படி இல்லை. அம்மா இருந்தபோது மதியம் கடையிலிருந்து கூப்பிட்டு இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பேன். அவள் போன பிறகும் கை பழக்கத்தில் வீட்டு நம்பரைப் போட்டுவிடும். யாரும் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மணி அடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இதைச் சொன்ன அன்று நீ அழுதாய். அழுதுகொண்டே குறித்தும் வைத்துக்கொண்டாயாடா?

சித்தப்பாவை அப்போதே கூப்பிட்டேன். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கும் தெரியும், அதை நீ கணக்கில் எடுத்திருக்க வேண்டும். "என்னைக் கேக்காதீங்கண்ணா, உங்க பையன்தான் போன் பண்ணி, பெத்த பிள்ளை ஆட்சேபம் போட முடியாதாம் சித்தப்பா, நீங்க போட்டா செல்லும்னு சொன்னான்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். நீ அனுப்பிய படத்தையும் எனக்கு அனுப்பினான். சட்டச் செயலியின் திரை, அதில் மஞ்சள் பூசிய ஒரே ஒரு வரி.

அந்தச் செயலி என் போனிலும் இருக்கிறது. கடை வாடகைத் தகராறு வந்தபோது நீதான் போட்டுக் கொடுத்தாய். நம் குடும்பத்துக்குப் பொருந்துகிற பிரெஞ்சு சிவில் சட்டம் மொத்தமும் உள்ளங்கையில், இனி வக்கீல் வாசலில் தவம் கிடக்க வேண்டாம் என்று பெருமையடித்தாய். நானும் என் மகனுக்கு எவ்வளவு அக்கறை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதே செயலியைத் திறந்தேன். பள்ளியில் படித்த பிரெஞ்சு துருப்பிடித்துக் கிடந்தாலும் எழுத்தைப் பெரிதாக்கி நிதானமாக வாசித்தேன். பிள்ளையின் கல்யாணத்தைப் பெற்றவர் ஆட்சேபிக்கலாம். பெற்றவரின் கல்யாணத்தை ஆட்சேபிக்கப் பிள்ளைக்கு அங்கே இடமே இல்லை. கூடப் பிறந்தவருக்கு உண்டு, அதுவும் புத்தி சரியில்லை என்றால். அதற்காகத்தான் சித்தப்பாவைப் பிடித்திருக்கிறாய்.

அதோடு அது நிற்கவில்லை. அப்படி ஆட்சேபிக்கிறவர், என்னைச் சட்டப் பாதுகாப்பில் வைக்கச் சொல்லியும் மனுப் போட்டாக வேண்டும். அப்படியென்றால் என்ன என்று யோசித்தாயா? கல்யாணம் மட்டும் இல்லை, கடைச் சாவி, பாங்க் கையெழுத்து, எந்த வீட்டில் குடியிருப்பது என்பதெல்லாம் இன்னொருவர் கைக்குப் போய்விடும். இன்று காலைகூட மூன்று ஃபிரேமுக்கு லென்ஸ் தேய்த்து மாட்டினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. அம்மா இருந்த வீட்டில் இன்னொருத்தியா என்று உனக்குக் கோபம். அதை என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், அத்தோடு போயிருக்கும். என்னைப் பைத்தியம் என்று எழுதிக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

நீ "அந்த மருந்துக்கடைக்காரி" என்று சொல்கிறாயே, நான் கட்டிக்கொள்ளப் போகிறவள், அவள் மதியம் சாப்பாட்டுக்குக் கடையின் பின்னறைக்கு வந்தாள். நோட்டீஸைக் கொடுத்தேன். மாத்திரை அட்டையில் பொடி எழுத்து படித்துப் பழகிய கண் அவளுக்கு. அழவும் இல்லை, உன்னைத் திட்டவும் இல்லை. சட்டப் பிரிவை முழுதாக எடுத்து எழுதினால்தான் ஆட்சேபம் செல்லும் என்பதால் நோட்டீஸில் அதை முதல் வார்த்தையிலிருந்து போட்டிருக்கிறார்கள். அவள் அங்கே விரலை வைத்து, "மேல்தலைமுறைல யாருமே உயிரோட இல்லேன்னாதான் தம்பி ஆட்சேபிக்க முடியும்னு போட்டிருக்கே, அப்போ உங்க அப்பா?" என்று கேட்டாள்.

என் துருப்பிடித்த பிரெஞ்சில் அந்த முதல் வார்த்தைகளைக் கவனிக்காமல் விட்டிருந்தேன், செயலியை மறுபடி திறந்து பார்த்தேன். நீ தேடிய வார்த்தை வருகிற வரியை மட்டும்தான் செயலி மஞ்சளில் காட்டும். பிரிவு முழுவதும் வேண்டுமென்றால் அதை இன்னொரு முறை தொட வேண்டும். நீ தொடவில்லை. உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, படம் பிடித்து அனுப்பிவிட்டாய்.

சரி, நீ தூரத்தில் இருக்கிறாய். இங்கேயே இருக்கிற சித்தப்பா? மறுபடி கூப்பிட்டேன். நோட்டீஸ் எழுதியவர், அப்பா அம்மா, தாத்தா பாட்டி யாராவது இருக்கிறார்களா என்று அவனைக் கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டானாம். "சட்டுனு ஞாபகத்துக்கு வரலைண்ணா" என்றான். பெற்ற தகப்பன்! தாத்தா முதியோர் இல்லத்தில் இரண்டாவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே வருகிற கார்களையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மறதி என்று சாட்சி சொல்ல வந்த நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைச் சாகடித்துவிட்டீர்கள். இதை எந்த நீதிபதியிடமும் வெட்கமில்லாமல் சொல்ல முடியாது, ஆனால் அடுத்த வாரம் சொல்லத்தான் போகிறேன். ஆட்சேபம் தள்ளுபடியாகிவிடும் என்கிறார் வக்கீல். தள்ளுபடியானால் சித்தப்பாவிடம் நஷ்டஈடு கேட்கலாமாம். கேட்கப் போவதில்லை. உன்னிடம் கேட்க வழியிருந்தால் நிச்சயம் கேட்டிருப்பேன்.

சட்டப்படி இப்போது ஆட்சேபிக்கும் உரிமை இருப்பது தாத்தாவுக்குத்தான். அதனால் நேற்று நேரே போய் அவரையே கேட்டேன். காதுதான் மந்தம், நினைவு கத்தி மாதிரி இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்காரும்படி, "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்பா, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கத்த வேண்டியிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் முதல் கல்யாணத்துக்கு என்னைக் கேட்டியா? இதுக்கு மட்டும் எதுக்கு வந்து கேக்கறே?" என்றார். நானும் உன் அம்மாவும் யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கோபம் அவருக்கு இன்னும் போகவில்லை. அறையில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு, கட்டிக்கொள்ளப் போகிறவளைக் கூட்டிக்கொண்டு வா, பார்க்க வேண்டும் என்றார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

நடந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. அவன் ரொம்ப சந்தோஷப்பட்டான்பா, கல்யாணத்துக்கு லீவு சொல்லிவிட்டான், முந்தின நாளே வந்து உங்களைக் கூட்டிப்போவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னேன் என்று எண்ணிக்கொள்ளாதே. அவருக்கு உன்மேல் இருக்கிற பிரியத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைக்கும்படி நர்ஸிடம் இப்போதே சொல்லிவிட்டார்.

என் கோபம் ஆறவில்லை, சுலபத்தில் ஆறாது. கோர்ட் முடிந்ததும் தேதி தெரியும், தெரிந்ததும் எழுதுகிறேன். எனக்காக நீ வர வேண்டாம். அவர் சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

நன்றாக இரு.

உன் அப்பா