தேடாத துகள்கள்

மார்ச் 3, செவ்வாய். ஒடென்சே

தூறல், எதிர்க்காற்று. சைக்கிளை விட்டுவிட்டு டிராம். புற்றுநோய் மருந்துத் துகள் பற்றிப் போன மாதம் தமிழ் இதழில் நான் எழுதிய கட்டுரைக்கு ஆசிரியருக்குத் தொடர்ச்சி வேண்டுமாம். அதைத் தொலைபேசியில் கேட்டே எழுதியிருந்தேன். ஆய்வுகூடத்தை நேரில் பார்த்தது இன்றுதான்.

மீனா, மதுரைக்காரர், ஆய்வாளர். மருந்தும், உடலில் சிதையும் ஒருவகைப் பிளாஸ்டிக்கான பொலிமரும் கரைந்த திரவத்தைச் சுழலும் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டார். தண்ணீர் மெல்ல வெளுத்தது, ஓரத்தில் ஒரு நீலம். அவ்வளவுதான். மருந்தை உள்ளே வைத்துக்கொண்டு துகள்கள் தாமாகவே உருண்டுவிட்டன. யாரும் உருட்டவில்லை.

பிறகு கைக்கு அடக்கமான ஒரு லேசர் விளக்கு. வெறும் தண்ணீரில் ஒளி தெரியவில்லை. இதில் பிடித்ததும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, நூல் கட்டியது போல. கண்ணுக்குத் தெரியாதவை அத்தனையும் அந்தக் கோட்டில். குறிப்பெடுக்க மறந்துபோனேன்.

கிளம்பும்போது மீனா:

"சார், 'தேடிப் பிடிக்கும் துகள்கள்'னு தலைப்பு போட்டுட்டீங்க. எங்க துகள் எதையும் தேடாது. ரத்தம் போற இடமெல்லாம் போகும். கட்டியோட ரத்தக்குழாய் அவசரத்துல வளர்ந்தது, ஓட்டை ஜாஸ்தி. அது வழியா கொஞ்சம் கசிஞ்சு உள்ள தங்கும். நிறைய ஈரலுக்குத்தான் போகும்."

அவர் அன்றும் இதைத்தான் சொன்னார். தலைப்பில் எடுப்பாக நிற்கும் என்று 'தேடி' போட்டது நான்.

மருந்தில்லாத துகள் கலந்த தண்ணீரை ஒரு சிறு குப்பியில் கொடுத்தார், கூடவே அந்த லேசரையும்.

வாங்க வேண்டியவை: பால், வெந்தயம், சைக்கிள் டியூப்.

மாலை யோகன் அண்ணை பிராண்டேயிலிருந்து போன் எடுத்தார்; ஊரிலிருந்தே பழக்கம். அவருக்கு நுரையீரலில் கட்டி, பழைய மருந்து இனிக் கேட்காது. ஆஸ்பத்திரியில் இதே வகைத் துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள். சேர்வதா இல்லையா, வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

"நீ எழுதினதை வாசிச்சாப் பிறகு யோசிக்க என்ன இருக்கு. வெட்டி ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கிறன்."

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன்.

மார்ச் 4, புதன்

திருத்தம் எழுதினேன். மூன்று வரி. அடுத்த இதழில் வருமாம். வெள்ளி அதற்கு முன்னால் வந்துவிடும்.

இரண்டு தடவை அண்ணையின் இலக்கத்தை அழுத்தி, வைத்துவிட்டேன். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை.

மார்ச் 5, வியாழன்

வெயில். பாலம் தாண்டிப் பிராண்டே. கதவைத் திறந்தது மகள் ஆர்த்தி.

கட்டுரை ஃபிரிட்ஜில்தான். அதன் கீழே நின்றுகொண்டே சொன்னேன்: தலைப்பு பிழை. தேடாது. உங்களுக்கு உதவுமோ என்று வைத்தியர்களுக்கே தெரியாது.

ஆர்த்தி டேனிஷில் பொரிந்து தள்ளினாள். இதையேதான் டாக்டரும் சொன்னாராம், கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் பத்திரத்திலும் இருக்கிறதாம். டேனிஷில் இருந்ததை அப்பா நம்பவில்லை, மாமா தமிழில் எழுதியதைத்தான் நம்பினார்.

அண்ணை தலைப்பை மறுபடி வாசித்தார். பிறகு: "அப்ப கட்டி எங்க இருக்கெண்டு அதுக்குத் தெரியாது?"

"தெரியாது, அண்ணை."

குப்பியை மேசையில் வைத்தேன். திரையை இழுத்துவிட்டு லேசரைப் பிடித்தேன். சிவப்புக் கோடு. லேசரை என் கையிலிருந்து வாங்கி மேலும் கீழும் நகர்த்தினார். ஆர்த்தியும் குனிந்து பார்த்தாள். தேநீர் ஆறியது.

"முப்பது வருசம் காத்தாலைக்கு இறக்கை செய்தனான்," என்றார். "காத்தும் ஒருநாளும் இறக்கையைத் தேடி வாறேல்லை."

சேரப்போகிறாரா என்று நான் கேட்கவில்லை. பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லி ஆர்த்தியிடம் நீட்டினார். அவள் டேனிஷில் வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். சொல் வராத இடங்களில் மட்டும் என்னைப் பார்த்தாள்.

மார்ச் 6, வெள்ளி

மறுபடி தூறல். டியூப் மாற்றினேன். பதினொன்றரைக்கு அண்ணையின் போன்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். தெரிஞ்சுதான் சொன்னனான்."

தலைப்பில் 'தேடி'யைப் பேனையால் வெட்டிவிட்டாராம். கட்டுரை ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டுமாம். இனி இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அதற்குப் பிறகு முதல் தடவை மருந்து ஏற்றுவார்கள். அன்றைக்கு என்னையும் கூட வரச் சொன்னார்.

"இந்த முறை பாத்துப்போட்டு எழுது."