சஷ்டியன்று போடாத மாத்திரை

செவ்வாய்க் கோள், தெற்கு நிலைய மருத்துவக்கூடம்
நாள் 212, காலை 07:10
பதிவு: ஜெசிந்தா, நிலையத்தின் ஒரே மருத்துவர். மின்சாரம் சீர். செண்பகவல்லிக்குக் கருமுட்டைகள் நன்றாக வளர்கின்றன. பனி தோண்டும் முகாமில் நாலு வருடமாக அவள்மேல் பட்ட கதிர்வீச்சில் மற்ற முட்டைகள் அழிந்துவிட்டன. குழந்தைக்கு இதுவே கடைசி முயற்சி, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் வெளியே எடுக்கும் முன்பே முட்டைகள் நழுவாமலிருக்க ஹார்மோன் தடுப்பு மருந்து தினமும் வேண்டும். தானே ஊசி குத்திக்கொள்ள அவளுக்குக் கை வராது; நான்தான் தினமும் முகாமுக்குப் போக வேண்டும். ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுத்தனுப்பினேன். வேளை தவறாமல் போட்டால் இரண்டும் ஒன்றுதான். நேரில் போகாததற்குக் காரணம்: மணல்புயல் எச்சரிக்கை.

நாள் 215, மாலை 18:40
புயல். தொடர்பு விட்டு விட்டு வருகிறது. நேற்று அவள் அனுப்பிய செய்தி இப்போதுதான் கிடைத்தது.
"டாக்டரம்மா, இன்னைக்குச் சஷ்டி. பச்சத்தண்ணி கூட வாயில படல. மாத்திரைய முருகன் படத்துக்கு முன்னால வச்சிருக்கேன். நாளைக்கு ரெண்டா சேத்துப் போட்டுக்கிடுதேன்."
பூமிப் பஞ்சாங்கம் பார்த்துச் செவ்வாயில் விரதமா என்று போன மாதம்தான் அவளைக் கேலி செய்தேன். தெரிந்தும் மறந்தேன். ஊசி விரதத்தைக் கெடுக்காது.

நாள் 216, காலை 09:05
முகாமிலிருந்து அவளே வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் படம் அனுப்பினாள். முட்டைப்பைகள் சுருங்கிவிட்டன. முட்டைகள் எல்லாம் நழுவிப் போய்விட்டன.
மாத்திரை விட்டதாலா என்று கேட்டாள். இல்லை, சில சமயம் இப்படி ஆகும், அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். வாய் கூசவில்லை. இப்போது கூசுகிறது.
212ஆம் நாள் பதிவைத் திருத்துகிறேன். எச்சரிக்கை வந்தது மறுநாள்தான். பதினொரு கிலோமீட்டர் போய்வர எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

நாள் 218, மதியம் 13:30
"மாத்திரை காரணமில்லன்னு சொல்லிட்டீய. அப்போ என் விரதத்துலதான் கொறை. இந்தத் தடவை கந்த சஷ்டி மாதிரி ஆறு நாளும் தண்ணியில்லாம இருக்கப் போறேன். நேத்தே ஆரம்பிச்சிட்டேன். அடுத்த மொறை நல்லபடியா நடக்கும், பாருங்க."
அதோடு புயலில் தொலைத்தொடர்புக் கம்பம் சாய்ந்தது. அனுப்பவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. முகாமில் அவள் மட்டும்தான். அந்த வறண்ட காற்றில் நாலு நாள்கூடத் தாங்காது.

நாள் 219
முகாமுக்குக் கிளம்பினேன், வழியில் வண்டி மணலில் புதைந்துவிட்டது. நடக்கிறேன். ஆக்சிஜன் ஆறு மணி நேரத்துக்கு. கை தெரியவில்லை. தலைக்கவசத்தில் பேசிப் பதிகிறேன்.
முகாமுக்கு வழிகாட்டும் கம்பி அறுந்திருக்கிறது. இது முன்பே வந்த இடம் போலிருக்கிறது.
இதைக் கேட்பவர் யாரானாலும் முதலில் முகாமுக்குப் போங்கள். அவளுக்குத் தண்ணீர் கொடுங்கள். குடிக்கமாட்டாள். ஜெசிந்தா பொய் சொன்னாள் என்று சொல்லுங்கள், குடிப்பாள். அடுத்த முறை கிடையாது என்பதையும். செண்பகம், உன் விரதத்தில் ஒரு குறையும் இல்லை, குறை