ஜோரியை எந்தப் பள்ளியில் சேர்ப்பது

அன்புள்ள டாம்சின்,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். அப்பாவும் உன் தம்பி ஜோரியும் தூங்கிவிட்டார்கள், எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. நியூசிலாந்தில் இப்போது வெயில் ஏறியிருக்கும், பண்ணையில் கம்பளி கத்தரிப்பு மும்முரமாக இருக்கும். உன் முதுகு வலி குறைந்ததா, கைக்காயம் ஆறியதா? இங்கே எல்லோரும் சுகம், ஜோரிக்கு இருமல் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

நம் ஊர் ஆஷ்கோமில் செய்தி நல்லதாக இல்லை. நீ படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இன்னும் குறைந்தால் கவுன்சில் அதைப் பூட்டிவிடுமாம். அதற்காக ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பப் நடத்தும் கிளைவ், வாத்துக் குட்டையில பாசி புடிச்சதுக்கே ரெண்டு தடவை கூட்டம் போட்ட ஊரு, இதுக்குப் போடாம இருக்குமா என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். உங்கள் லஸ்கம் டீச்சர் பேச எழுந்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். அப்பாதான், டாக்டர் வர்றது நின்னுபோச்சு, சர்ச்சுல மாசத்துக்கு ஒரு ஆராதனை, இப்ப பள்ளிக்கூடமும் போச்சுன்னா அடுத்தது கடை, அப்புறம் பஸ், கடைசியில லீவுக்கு வர்ற லண்டன்காரங்க வீடுங்கதான் மிஞ்சும் என்றார். யாரெல்லாம் பிள்ளைகளை இங்கேயே படிக்க வைப்பீர்கள் என்று கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் நான்தான்.

தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. ஜோரியோடு அடுத்த வருடம் சேர அவன் வயதில் ஊரில் வேறு பிள்ளையே இல்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று டவுன் பள்ளிக்கு அவனைக் கூட்டிப் போனேன். கார் பட்டறையில் இருந்ததால் புதன்கிழமை பஸ்ஸில் போகவேண்டியதாயிற்று. சந்தைக்குப் போகிற நம் ஊர்ப் பெரியவர்கள் பாதிப்பேர் அதில்தான் இருப்பார்கள் என்று தெரிந்தும் போனேன். அத்தனை பேர் பார்க்க அந்தப் பள்ளி வாசலில் ஜோரியோடு இறங்கினேன், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கடையில் பெரில் மழையைப் பற்றிப் பேசினார், ரொட்டியை எடுத்துக் கொடுத்தார், நான் கிளம்பும்போது, ஊர்க் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு இந்தத் தடவை நீ கேக் செஞ்சு சிரமப்படாத கண்ணு, நிறைய வந்திருக்கு என்றார். நீ பிறந்ததிலிருந்து அந்தக் கேக்கை நான்தான் செய்கிறேன். அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

ஆனால் அந்த டவுன் பள்ளியில் ஜோரியைப் பார்த்திருக்கவேண்டும் நீ. தன் வயதுப் பையன்கள் கூட்டத்துக்குள் ஓடிப்போய்க் கலந்துகொண்டான், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, புறப்படச் சொன்னதும் அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு நின்றபோது உன் ஞாபகம்தான் வந்தது. உன் வகுப்பில் நீ ஒருத்திதான். மதியம் நான் அந்தப் பக்கம் போனால் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் லஸ்கம் டீச்சரும் நீயும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், எவ்வளவு பாசமான டீச்சர் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்துவிடுவேன். மற்ற நேரத்தில் உன்னோடு யார் விளையாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. அப்பாவிடம் சொன்னால், நம்ம டாம்சின் நல்லாத்தானே வளர்ந்தா, நீ எதையாவது போட்டுக் குழப்பிக்காதே என்று விளக்கை அணைத்துவிட்டார்.

போனில் கேட்டால் என் மனம் நோகக்கூடாது என்று நீ சமாளிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் ஊர்ப் பள்ளியில் நீ தனியாக இருந்தாயா? ஆம் என்றால், ஊர் என்னை என்ன நினைத்தாலும் ஜோரியை டவுனுக்கு அனுப்பிவிடுகிறேன். இல்லை என்றால், கையைத் தூக்கியது தூக்கியதுதான். ஜனவரி நடுவுக்குள் கவுன்சிலுக்குப் பள்ளியின் பெயரைச் சொல்லியாகவேண்டும்.

வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, கிறிஸ்துமஸ் அன்று அப்பாவுக்கு மறக்காமல் போன் செய், கேட்கமாட்டார், ஆனால் காத்திருப்பார். கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும், என் கண்ணே. எந்தப் பதிலானாலும் தாங்கிக்கொள்வேன். உண்மையை எழுது, சீக்கிரம் எழுது.

உன் அம்மா