நேராய் ஓடும் கோடு

இன்று காலை சாலைக் கடைத்தெருவில் ஒரு நெயில் பாலிஷ் வாங்கினேன். சிவப்பு. "மோளே, மேட்சா பொட்டு வேண்டாமா?" என்றார் மலையாளக் கடைக்காரர். இரும்புக்குப் பூச என்றேன். சிரித்தார். நம்பவில்லை.

ஆய்வகத்தில் மூடியைத் திறந்தேன். அந்த நெடி. நீ வந்துவிட்டாய்.

எஃகுத் தகட்டின் ஓரங்களில் நீர் கசியாமலிருக்க இதைப் பூசுவோம். விரலில் ஒருநாளும் பூசாதவள் நீ. தகட்டுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுவாய். "மணப்பொண்ணாக்கும். ஆட்டாதே." மலையாள வாடை அடிக்கும் வலியசாலை வீட்டுத் தமிழ். நான் நாகர்கோவில்காரி. என் 'மக்கா'வைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு.

நாம் அளந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. அமிலம் கலந்த உப்புநீரில் எஃகு அரிபடும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. பெரும்பாலும் குமிழியாகப் போய்விடும். கொஞ்சம் எஃகுக்குள் நுழையும். வெளியே ஓர் அடையாளமும் இருக்காது. பிறகு ஒரு நாள், பாரம் ஏறியிருக்கும்போது, எஃகு வளையாமல் ஒடியும்.

அதற்காகத்தான் இரண்டு கண்ணாடிக் கலங்கள், நடுவே சுவராக மெல்லிய தகடு. ஒரு பக்கம் அரிப்பு. தகட்டைக் கடந்து மறுபக்கம் வரும் ஒவ்வொரு அணுவும் துளி மின்னோட்டமாகக் கணினியில் ஏறும். ஆனால் தொடங்கும் முன்பே அந்தப் பக்கத்துக்கென்று ஒரு மின்னோட்டம் உண்டு. அது இறங்கி அடங்க வேண்டும். அடங்கிய பிறகுதான் உப்புநீர்.

காலையில் நாம் பேசும் முதல் சொல் அதுதான்.

"அடங்கித்தா?"

"இல்ல மக்கா."

"அப்போ தொடாதே. வா, சாயா குடிப்போம்."

நீ மருத்துவமனைக்குப் போன பிறகும் போனில் அதையே கேட்டாய். உன்னைப் பற்றி நான் கேட்டால் "சுகமாக்கும்" என்பாய். குரல் ஏறாது, இறங்காது. உடனே, "அத விடு, அடங்கித்தா?"

ஒரு காலை உன் எண்ணிலிருந்து அழைப்பு. உன் அண்ணா.

"அடங்கிடுத்தும்மா" என்றார்.

"எவ்வளவுல நிக்குது?" என்று கேட்டேன்.

பின்னால் யாரோ அழுதார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. என் கண் திரையில்தான் இருந்தது. மின்னோட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல்லை அதற்குப் பிறகு நான் ஆய்வகத்தில் சொல்வதில்லை. 'செட்டில் ஆச்சா' என்கிறேன். புதிதாக வந்தவர்களுக்குக் காரணம் தெரியாது.

இப்போது கலத்தில் இருப்பது ஒரு துறைமுகத்து எஃகு. படகுகளைக் கரைக்குத் தூக்கும் கிரேன். கொக்கியைத் தாங்கும் போல்ட்டுகளில் ஒன்று போன வாரம் ஒடிந்தது. வளையவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. அந்த ஒன்று மட்டும் மோசம், மற்றவை சரி என்கிறார் அங்குள்ள பொறியாளர். ஒடிந்ததை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறார். சரிதானா என்று நாம் சொல்ல வேண்டும். மீன்பிடிக்கான டிராலிங் தடை முடிவதற்குள் பழுது பார்க்க வேண்டிய படகுகள் வரிசையில் நிற்கின்றனவாம்.

இன்று நான் கடைத்தெருவிலிருந்து வருவதற்குள், நேற்றே மாட்டிவைத்த தகட்டுக்கு நம் ஆய்வகத் தலைவர் சார் உப்புநீரை ஊற்றிவிட்டார். மறுபக்கத்து மின்னோட்டம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்ததாம். "கொஞ்சம்தானே. கழிச்சுக்கலாம்."

மதியம் திரையில் மின்னோட்டக் கோடு நேராக ஓடியது.

"பாத்தியா, ஹைட்ரஜன் இல்ல. எழுதிடு" என்றார்.

நான் எழுதவில்லை. இதே போன்ற ஒரு கோட்டின் முன் நீ சொன்னது: "சமமா இருக்கேன்னு நம்பாதேடி. ஒண்ணு எறங்கறது, ஒண்ணு ஏறறது. ரெண்டும் சேந்தா நல்ல பிள்ளை வேஷம் போடும்." கழித்தால் எதைக் கழிப்பேன்? இறங்குவது எவ்வளவு, உள்ளிருந்து வருவது எவ்வளவு? கோடு சொல்லாது.

ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியாது. அதுதான் பயம்.

"சார், வேற தகடு போட்டு மொதல்லேந்து பண்றேன்."

"அவளோட சேர்ந்து கெட்டுப்போனே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம். "சரி. துறைமுகத்துக்கு நீயே சொல்லு. திட்டு வாங்கப்போறது நீதான்."

அழைத்தேன். பொறியாளர் எடுத்தார். பின்னால் கடற்காற்று, சங்கிலிச் சத்தம்.

"மேடம், ஒரு நம்பர் தந்தா மதி. சேஃப்னு ஒரு வரி, அவ்வளவு போதும்."

"நம்பர் இல்ல சார். ஹைட்ரஜன் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியல. தெரியற வரைக்கும் பாரம் தூக்காதீங்க. கொக்கிக்குக் கீழ யாரையும் நிக்க விடாதீங்க."

"எது வரை?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா உங்களுக்கு லேபு?"

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. சங்கிலி ஓடிக்கொண்டேயிருந்தது. பிறகு போனை வாயிலிருந்து விலக்கி, யாரையோ பார்த்துக் கத்தினார்.

"எடா! மாறி நில்லெடா! அதைத் தாழ வை!"

சங்கிலி நின்றது.

"நகர்ந்தாரா?" என்றேன்.

"நகர்ந்தாச்சு" என்று எரிச்சலாகச் சொல்லித் துண்டித்தார்.

வீண் பயமென்று நாளை தெரியலாம், எல்லோரும் சிரிக்கலாம். நீ போன பிறகு இந்தப் பயத்தை விட்டுவிடப் பலமுறை பார்த்தேன். முடியவில்லை. இனி முயலப்போவதுமில்லை. நான் பார்த்தேயிராத ஒருவர், அங்கே, கொக்கிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறார்.