கை மணக்காத கனவு

போடிநாயக்கனூர்,
14-10-1956

கொழும்பில் கடை வேலை பார்க்கும் மாப்பிள்ளை சின்னமுத்து அவர்களுக்குச் சின்ன மாமனார் ஜக்கையன் எழுதிக்கொண்டது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். நீங்கள் பெட்டியோடு பஸ்சு ஏறிய அன்றே, 'இவர் கடுதாசி கொஞ்ச காலம்தான் வரும், பிறகு இந்தப் பிள்ளை தூக்கத்தில் அலறும்' என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். போன சித்திரையோடு கடுதாசி நின்றதா இல்லையா?

அலறத்தான் செய்தாள் உங்கள் அன்னக்கொடி. தினமும் ஒரே கனவு. குரங்கணி மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் நீங்கள் முன்னால் போகிறீர்கள், இவள் கூப்பிடுகிறாள், நீங்கள் திரும்பவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சித்தப்பன்தானே வழி சொல்ல வேண்டும்? கனவுக்குள் இருக்கும்போதே அது கனவென்று கண்டுகொள்ளும் வித்தை என்னிடம் இருந்தது. ஏலமலை எஸ்டேட்டில் கணக்கெழுதிய கோட்டயத்துக்காரர் எனக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தது. அந்த வித்தையால் கனவில் வந்த புலியை உட்கார வைத்துப் பல்லை எண்ணியவன் நான்.

பகலில் சோலிக்கு நடுவே அடிக்கடி நின்று, 'இது கனவா, நிசமா?' என்று கேட்டுப் பழக வேண்டும். பழகினால் கனவிலும் அந்தக் கேள்வி வரும். விழித்ததும் கண்டதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். படுக்கும்போது, 'இன்று கண்டுகொள்வேன்' என்று சொல்லிக்கொண்டே தூங்க வேண்டும். அடையாளம் உள்ளங்கை. 'ஏலக்காய் பொறுக்குற கை, மோந்து பாரு. மணந்தா நெசம், மணக்காட்டி கனவு' என்றேன்.

பலித்தது மாப்பிள்ளை. ஒருநாள் விடிந்ததும் ஓடி வந்தாள். 'சித்தப்பா, மோந்தேன், மணக்கல! கனவுதானேன்னு தைரியமா ஓடிப்போயி அவுக சட்டையப் பிடிச்சுத் திருப்பிட்டேன். நல்லா ஏசினேன். சிரிச்சாக' என்றாள். அதன்பின் அலறல் இல்லை. முகம் தெளிந்தது, சோறு இறங்கியது. சிலமலையிலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் என்னிடம் படிக்க வந்தார்கள். ஒரு வண்டியாவது வந்தது.

போன வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது. ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருக்க, முதலாளி எல்லோர் முன்னாலும், 'ஏத்தா அன்னக்கொடி, ஒம் புருசன் கொழும்புல வேற குடும்பமாயிட்டானாமே. புள்ளைகூட இருக்காமே' என்று இளித்திருக்கிறார். இவள் பதறவில்லை. கையை முகர்ந்திருக்கிறாள். வீட்டில் மணத்த கை அங்கே எப்படி மணக்கும்? வெளியூர்க்காரர் இங்கே பஸ்சை விட்டு இறங்கும்போதே ஊரே மணக்கிறது என்பார். நாளெல்லாம் ஏலக்காய்க்குள் கிடக்கிற மூக்குக்கு ஒன்றும் தெரியாது.

கனவென்றே நினைத்துவிட்டாள். எழுந்துபோய்த் தட்டுக் காயை முதலாளி தலையில் கவிழ்த்து, 'கனவுலயும் ஒனக்கு இதே வாய்தானாய்யா?' என்று கேட்டுச் சிரித்தாளாம். வேலை போயிற்று. மற்ற கிட்டங்கிக்காரர்களும் சேர்க்க மறுக்கிறார்கள்.

அதுகூடப் பெரிதில்லை. வேலை போனது நிசம் என்று ஒப்புக்கொள்கிறாள். முதலாளி சொன்ன சேதி மட்டும் கனவாம். 'அப்பக் கை மணக்கல சித்தப்பா. நீங்கதான சொன்னீக?' என்கிறாள். தலைசீவிப் பூ வைத்துத் தபால்காரருக்காக வாசலில் நிற்கிறாள். தெருவில் யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும்தான்.

சேதி பொய்யென்றால் வெரசா ஒரு வரி போடுங்கள். மெய்யென்றால் அதையும் நீங்களே அவளுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் முதலில் என் வித்தையை அல்லவா பொய்யென்று சொல்ல வேண்டும்? எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும் நல்லாயிருங்கள் மாப்பிள்ளை.

கோட்டயத்துக்காரர் உள்ளங்கையைப் பார்க்கத்தான் சொன்னார், முகரச் சொல்லவில்லை. வாசம் நானாகச் சேர்த்த கைச்சரக்கு.

இப்படிக்கு,
ஜக்கையன்