புளி போட்டுத் தேய்த்த ரிப்பீட்டர்

இன்று காலை இராஜபாளையம் பழைய இரும்புக் கடைக்காரர் என் கையிலிருந்த காந்தத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் இத விடலையாக்கா?" என்று சிரித்தார். நூலில் கட்டிய உன் காந்தம்தான். விடவில்லை என்றேன். விடுவதாகவும் இல்லை.

முதன்முதலில் நாம் இங்கே வந்தபோது, இரண்டு பொம்பளைகள் குப்பையைக் கிளறுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. நீ அசரவில்லை. "ஏட்டி, ஒட்டுச்சுன்னா இரும்பு, கீழ போடு. ஒட்டலன்னா பைக்குள்ள போடு" என்றாய். ஆர்வத்துக்காக வயர்லெஸ்ஸில் பேச உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரிகள் நாம். ஆனால் இங்கே நீ கைச்செட்டில் பேசினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு வெறும் கரகரப்புதான் கேட்கும். புயல் மழையில் செல்போன் டவர் படுத்துவிட்டால் மகாராஜபுரம் பக்கம் ஒரு தகவலும் போகாது. குரலை வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்ல, உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் வேண்டும். புதிதாக வாங்க நம்மால் ஆகாது. கழித்துப் போட்டதில் கட்டுவோம் என்றாய்.

பழைய டாக்சி வயர்லெஸ் செட்டுகள் கிடைத்தன. பிறகு அந்தப் பித்தளை உருளைகள். ஒரே ஆண்டெனாவில் பேசவும் கேட்கவும் உதவும் வடிகட்டி அது, யாரோ திருகுகளைத் திருகி அலைவரிசைக்குப் பக்குவமாக ட்யூன் செய்து வைத்தது. நீ என்ன செய்தாய்? கறுத்திருக்கிறதே என்று திருகுகளைக் கழற்றி, குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்தாய்! பளபளவென்று கொண்டுவந்து வைத்தாய். ட்யூனிங் மொத்தமும் போயிற்று. சுவிட்சைப் போட்டால் பெட்டியின் பேச்சே அதன் காதை அடைத்தது. ஞாயிறுதோறும் திருகினோம், சண்டை போட்டோம். சரியாவதற்குள் நோய் உன்னைப் படுக்க வைத்துவிட்டது. "எனக்குப் பொறவு அத எடைக்குப் போட்டுரு" என்றாய். அதற்காக உன்மேல் இன்னும் கோபம் எனக்கு.

நீ போனபின் உன் அறையைக் காலி செய்ய உன் அண்ணன் ஆள் கூட்டி வந்திருந்தார். "இந்தத் தகரத்த வச்சு என்னம்மா செய்யப் போற?" என்றார். உருளையில் காந்தத்தை வைத்தேன். ஒட்டவில்லை. "தகரம் இல்லண்ணே" என்றேன். அவரே தூக்கி, நான் கொண்டுபோக ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

போன மாதம் ட்யூனிங் பிடிபட்டது. இப்போது அது எங்கள் மொட்டைமாடியில் ஓடுகிறது. உருளை இடுக்கில் உன் புளி கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. துடைக்க மாட்டேன்.

இன்று வந்தது மலையடியில் வைக்கப்போகும் இரண்டாவது பெட்டிக்குச் சாமான் தேடி. கடை வாசலில் நின்று கைச்செட்டை அழுத்திக் கூப்பிட்டேன். மகாராஜபுரத்து ஹாம்காரர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: "நல்லா தெளிவா கேக்கு, சொல்லுங்க."

கரகரப்பே இல்லையடி. காந்தத்தைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டேன். எடைக்குப் போடச் சொன்னாயே, மாட்டேன் போடி.